பெயருக்கு முன்னால் ஒரு படம்

பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கும் தேவானந்தத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எங்கே பார்த்தோம் என்பதுதான் ஞாபகத்துக்கு வராது. கதாநாயகன் போலீஸ் ஸ்டேஷனுக்குள் கோபமாக நுழையும்போது, "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஏட்டு அவர்தான். கோர்ட் வாசலில் சாட்சியின் பெயரைக் கூவும் டவாலியும் அவர்தான். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று தெரிந்ததும் தலையில் கைவைத்து உட்காரும் உறவினர் கூட்டத்தில், தூணை ஒட்டி இருப்பவரும் சாட்சாத் அவரேதான். ஷூட்டிங் என்று போன் வந்தால் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். முப்பது வருஷமாக இதே கதை.

இப்படிப்பட்டவர்களின் பெயரை டைட்டிலில் யாரும் போடுவதில்லை. ஏஜென்ட் வேன் அனுப்புவார். வேனில் ஏறுகிறவர்களுக்குப் பெயர் எதற்கு? டைட்டிலும் கல்யாணப் பந்தி போலத்தான். பெரியவர்களுக்குத் தலைவாழை இலை, அதாவது தனிக் கார்டு. திரை முழுக்க அவர் பெயர் மட்டும் வந்து நிற்கும். அடுத்த வரிசைக்காரர்களுக்குக் கூட்டுக் கார்டு. பத்துப் பெயரைச் சேர்த்து அடைத்து, படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். அதற்கும் அப்பால் உள்ளவர்கள் பந்திக்கு வெளியே நின்று பாயச வாசனை பிடிக்க வேண்டியதுதான். தேவானந்தம் வாசனை பிடித்தே பழகியவர். யாராவது கேட்டால், "மூஞ்சி வருது இல்ல, போதும்" என்பார்.

போன வருஷம் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. கர்த்தர் கண் திறந்தார் என்றாள் அவர் மனைவி ஹில்டா. பட்டறைக்கு வேலை கொண்டுவரும் பக்தவச்சலம் சுக்கிர திசை என்றார். எப்படியோ, கிரீஷ் என்ற புது டைரக்டர், தாம்பரத்தில் காலேஜ் படித்த பையன், தன் முதல் படத்தில் கதாநாயகியின் அப்பாவாக அவரைப் போட்டான். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் வேஷம். மகளோடு சண்டை போடவும், பிறகு அவளுக்குத் தெரியாமல் அழவும், கடைசியில் அவள் கல்யாணத்துக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் காட்சிகள் இருந்தன. தூணை ஒட்டி நின்றவரைத் தூக்கி நடுக்கூடத்தில் உட்கார வைத்த மாதிரி ஆயிற்று. டப்பிங்கில் அவர் அழுத காட்சியைப் பார்த்துச் சவுண்டு இன்ஜினியர் மூக்கை உறிஞ்சினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பிங் முடிந்த அன்றைக்கு, உதவி டைரக்டர் ஜீவிதா பத்திரிகைகளுக்குக் கொடுப்பதற்காக அவரைப் பற்றிய விவரம் கேட்டாள். ஊரப்பாக்கத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போகிற சுறுசுறுப்பான பெண். முதல் படம் எது என்று கேட்டாள். தேவானந்தம் யோசிக்காமல், "மூடிய கேட்" என்றார். அவள் செல்போனில் தேடினாள். இங்கிலீஷில் தேடினாள், தமிழில் தேடினாள், வருஷத்தைக் கேட்டு அந்த வருஷத்துப் படங்களை எல்லாம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "அப்படி ஒரு படமே இல்லையே அங்கிள்" என்றாள்.

"இல்லாம இன்னா? நான்தான நடிச்சேன்" என்றார் தேவானந்தம்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கிரீஷுக்கு அந்தக் கணத்தில் ஒரு யோசனை பிறந்தது. படமே இல்லை என்றால் நல்லதாகப் போயிற்று. இதையே அண்ணனின் முதல் படம் என்று சொல்லிவிடலாம். டைட்டிலில் 'அறிமுகம்: தேவானந்தம்' என்று தனிக் கார்டு போடலாம். ஐம்பத்தேழு வயதில் ஒரு புதுமுகம் என்றால் பத்திரிகைக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு எழுதுவார்கள். இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது, போதாக்குறைக்கு யாரோ சர்க்கரையும் போட்டுவிட்டார்கள். தேவானந்தமும் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார். வடபழனியிலிருந்து பல்லாவரம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலில் இறங்குவதற்குள் அந்தச் சிரிப்பு எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது.

வீட்டில் ஹில்டா செய்தியைக் கேட்டதும் ஜெபம் செய்தாள். ஜெபம் முடிந்த கையோடு சர்ச் பெண்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அவள் எல்கேஜி டீச்சர். நல்ல சேதியை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இவர் மட்டும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று அவள் கேட்டதற்கு, "ரவி சாரு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அவளுக்கு விளங்கிவிட்டது.

ரவி சார்தான் 'மூடிய கேட்' படத்தின் டைரக்டர். அவர் எடுத்தது அந்த ஒரு படம்தான். ஊரப்பாக்கம் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட்டும், அதைத் திறந்து மூடுகிற ஒரு மனிதனும், கேட் மூடியிருக்கும்போது இருபுறமும் காத்து நிற்கிறவர்களும்தான் கதை. கேட்கீப்பர் வேஷத்துக்குப் பேசிவைத்திருந்த நடிகர் முதல் நாளே டிமிக்கி கொடுத்துவிட்டார். கூட்டத்தில் சைக்கிளோடு நிற்க வந்திருந்த இளைஞன் தேவானந்தத்தை ரவி சார் பார்த்தார். காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்து, போட்டுக்கொண்டு வா என்றார்.

போட்டுக்கொண்டு வந்தான், சரி. வாயைத் திறந்தால்தான் வம்பு. "ரயில் கடந்து செல்லும் வரை காத்திருப்பதே மனித வாழ்க்கை" என்று சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் இரும்புத் தூளோடு வளர்ந்த நாக்கு 'கடந்து செல்லும்' என்ற இடத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. பிலிம் ரோல் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு டேக்கிலும் தயாரிப்பாளரின் காசு கரைந்தது. அவர் குடையைத் தரையில் குத்தி, இந்த ஆளை மாற்று என்று எல்லார் முன்னாலும் கத்தினார். தேவானந்தம் காக்கிச் சட்டையின் பித்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அப்போது ரவி சார் சொன்ன வார்த்தையைத் தேவானந்தம் இன்றுவரை மறக்கவில்லை.

"ஆளை மாத்த மாட்டேன். வசனத்தை மாத்துறேன்."

பிறகு அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். கேட்டில் ஒருத்தன் அவசரப்படுத்தினால் நீ எப்படிச் சொல்லுவாய் என்று கேட்டார். இவன் பயந்துகொண்டே, "வண்டி போவட்டும். அப்பால தொறக்கறேன்" என்றான். ரவி சார் காகிதத்தை நாலாக மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இதுதான் வசனம், போய் நில்லு என்றார். ஒரே டேக்கில் ஓகே ஆனது. நடிப்பு என்றால் தனக்குத் தெரியாத இன்னொருவனாக மாறுவது என்று நினைத்திருந்தவனுக்கு, தனக்குத் தெரிந்தவனாக நின்றாலே போதும் என்று அன்றைக்கு விளங்கியது. அதன் பிறகு அவர் போட்ட ஏட்டும் டவாலியும், இப்போது சவுண்டு இன்ஜினியரை அழவைத்த பஸ் டிரைவரும், எல்லாம் அந்தத் தோள்மேல் கைபோட்ட நேரத்தில் பிறந்தவர்கள்தான்.

படம் வந்தது. 'அறிமுகம்: தேவானந்தம்' என்று தனிக் கார்டு போட்டிருந்தார் ரவி சார். கேட்டை மூடிய வேகத்தில் தியேட்டர்காரர்கள் படத்தையும் மூடிவிட்டார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஓடின அந்தச் சில நாளில் பார்த்தவர்களில் ஹில்டாவும் ஒருத்தி. பெண் பார்க்க வரப்போகிறவன் சினிமாவில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அக்காவை இழுத்துக்கொண்டு போய்த் தாம்பரத்தில் பார்த்தாள். கேட்டில் நின்றவனின் நிதானம் பிடித்துப்போய்ச் சம்மதம் சொன்னாள். ஆக, ரவி சார் தேவானந்தத்துக்குக் கொடுத்தவற்றில் இல்லறமும் சேர்த்தி. படத்தின் பிரிண்ட் எங்கே போயிற்று என்று தெரியாது. நெகடிவ் கெட்டுப்போயிற்று என்று மட்டும் கேள்வி. ரவி சார் சினிமாவை விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்குப் போனார். அப்புறம் தியேட்டர் வாசற்படி மிதித்ததே இல்லை.

இப்போது இவர் மறுபடியும் 'அறிமுகம்' என்று வந்து நின்றால், முதல் அறிமுகம் என்ன ஆகும்? நெட்டில் இல்லை, பிலிம் லேபிலும் இல்லை. அந்தப் படம் இருக்கிற ஒரே இடம் தேவானந்தம்தான். அவரும் கைகழுவிவிட்டால் அந்தப் படம் வரவே இல்லை என்றாகிவிடும். வேண்டாம் என்று சொன்னாலோ, முப்பது வருஷம் கழித்து மறுபடி வந்த தனிக் கார்டு போய்விடும். ஹில்டா இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் ரவி சாரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றாள்.

ரவி சார் இப்போது பெருங்களத்தூரில் ஓர் அபார்ட்மென்டில் இருக்கிறார். அங்கே அவர் வெறும் செகரட்டரி சார். தண்ணி லாரி வராவிட்டால் திட்டு வாங்கவும், இரண்டாவது மாடிக்காரர் மூன்றாவது மாடிக்காரரின் பார்க்கிங்கில் வண்டியை விட்டால் பஞ்சாயத்து பண்ணவும் பிறந்தவர் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் ஒரு படத்தை எடுத்தவர் என்று அந்தக் கட்டடத்தில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தேவானந்தம் போன நேரத்தில் அவர் மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி பக்கத்தில் நின்று பிளம்பரோடு பேசிக்கொண்டிருந்தார்.

தேவானந்தம் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார். ரவி சார் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பொய்யாகச் சந்தோஷப்படவில்லை. அந்த மனிதருக்கு அது தெரியவும் தெரியாது. தனிக் கார்டை விடாதே, கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல், கிரீஷுக்கு நான் ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல் என்றார். அந்தப் படத்தை நானே மறந்துவிட்டேன், நீ ஏன் தூக்கிச் சுமக்கிறாய் என்று சிரித்தார். லிஃப்ட் வரை கூடவே வந்தார். கதவு திறந்தும் தேவானந்தம் ஏறாமல் நிற்க, ரவி சார் ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல ஒன்று கேட்டார்.

"நெட்ல நல்லா தேடினாங்களா தேவா? என் பேரைப் போட்டும் தேடிப் பாத்தாங்களா?"

தேடவில்லை சார், தேடச் சொல்கிறேன் என்றார் தேவானந்தம். வேண்டாம் வேண்டாம், சும்மாதான் கேட்டேன் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பிளம்பர் கூப்பிடாமலே பிளம்பரை நோக்கிப் போய்விட்டார் ரவி சார். மறந்துவிட்டேன் என்று சொன்ன மனிதர் இத்தனை வருஷமாக எத்தனை தடவை தானே தேடிப் பார்த்தாரோ. கீழே இறங்கியதும் தேவானந்தத்துக்கு மனசு ஆறவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

நம் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு நடிகருக்கு ஒரு படம் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டால், அந்தப் படத்தின் பெயரே அவருக்கு இனிஷியல் ஆகிவிடும். அப்பா பேரைப் போட வேண்டிய இடத்தில் படத்தின் பேர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான், கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அப்படித்தான். ஆனால் ஓடின படத்தின் பெயரைத்தான் அப்படிப் போட்டுக்கொள்வார்கள். படுத்த படத்தின் பெயரை யாரும் தலையில் கட்டிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் வடபழனி ஆபீசில் தேவானந்தம் அதைத்தான் கேட்டார். அறிமுகம் வேண்டாம், என் பெயருக்கு முன்னால் 'மூடிய கேட்' என்று போடுங்கள் என்றார். கிரீஷ் தலையைச் சொறிந்தான். ஜீவிதா வாய் திறந்தபடி நின்றாள். உள்ளே இருந்து தயாரிப்பாளர் லக்ஷ்மிநாராயணனே எழுந்து வந்துவிட்டார். அவர் ஊரப்பாக்கத்தில் அபார்ட்மென்ட் கட்டி விற்கிறவர். செங்கல்லைக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் இறக்குவார். படத்தின் பெயரையே எழுத்துக் கூட்டிக் கூட்டல் போட்டு மூன்று தரம் மாற்றியவர் அவர்.

"முதல் ரீல்லயே 'மூடிய கேட்'னு போட்டா, ஜனம் எந்த வழியா சார் உள்ள வரும்?" என்றார்.

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. போதாததற்கு அது படுத்த படம். படுத்த படத்தின் பெயரைப் புதுப் படத்தில் சேர்ப்பது, புது வீட்டுக்குப் பழைய ஒட்டடையைக் கொண்டு வருகிற மாதிரி என்றார். அதைவிடப் பெரிய சந்தேகம் அவருக்கு வேறே இருந்தது. தனிக் கார்டுக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கொடுக்கிற கார்டை ஒருவன் ஏன் தள்ளுகிறான்? அதை வாய்விட்டே கேட்டார்.

தேவானந்தம் ரயில்வே கேட் கதையை முழுக்கச் சொன்னார். தயாரிப்பாளர் குடையைத் தரையில் குத்தியதையும், தான் பித்தானைக் கழற்றியதையும், ரவி சார் தோளில் கைபோட்டதையும் சொன்னார்.  கடைசியில் இப்படிச் சொன்னார்:

"அன்னிக்கு அவரு ஆளை மாத்தியிருந்தா, இன்னிக்கு உங்க படத்துல இந்த பஸ் டிரைவரு கெடையாது சார். என்னை அறிமுகம் பண்ணது அவரு. உசுரோட கீறாரு, பெருங்களத்தூர்ல தண்ணி லாரிக்கு நின்னுகினு கீறாரு. அவரு கண்ணு முன்னாடி நான் இன்னொருத்தர் அறிமுகம்னு எப்படி சார் வந்து நிப்பேன்?"

 லக்ஷ்மிநாராயணனுக்கு மனசு இளகினாலும் சென்டிமென்ட் இளகவில்லை. வியாபாரிக்கு இரண்டும் வெவ்வேறு பெட்டி. தனிக் கார்டில் போட முடியாது, திரை முழுக்க மூடிய கேட்டாக நிற்கும் என்றார். கூட்டுக் கார்டில் என்றால் பத்தோடு பதினொன்றாக, பொடி எழுத்தில், போட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் திருஷ்டி தெரியாது. தனிக் கார்டா, பெயருக்கு முன்னால் படமா, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று முடித்தார்.

கிரீஷ் மெதுவாக, "அண்ணா, யோசிச்சு சொல்லுங்க" என்றான். தேவானந்தம் யோசித்ததெல்லாம் பஸ் ஸ்டாப்பிலேயே முடிந்துவிட்டது. கூட்டுக் கார்டு போதும் என்று சொல்லி, லக்ஷ்மிநாராயணனின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். இருக்கிறதை விட்டுக்கொடுத்துவிட்டு நன்றியும் சொல்கிற மனுஷனை அன்றுதான் பார்த்ததாக அவர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹில்டாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தனிக் கார்டு என்று சர்ச் குரூப்பில் போட்டாயிற்று. பாஸ்டர் அம்மா வரைக்கும் வாழ்த்துச் சொல்லியாயிற்று. அவள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாவு கரைத்தாள், பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். பிறகு தோசையை அவர் தட்டில் போட்டுக்கொண்டே, நானும் அந்தக் கேட்டைப் பார்த்துத்தானே வந்தேன் என்றாள். ரவி சாரை முதல் காட்சிக்கு அழைத்து வருவது என் பொறுப்பு என்றும், கார்டு விஷயத்தை அவரிடம் மூச்சு விடக் கூடாது என்றும் அவளே சட்டம் போட்டாள்.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. தாம்பரத்தில் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். ரவி சார் வழக்கம்போலத் தண்ணி லாரியைக் காரணம் சொல்லிப் பார்த்தார். எல்கேஜி பிள்ளைகளைச் சமாளிக்கிற ஹில்டாவிடம் அந்தச் சாக்கு செல்லுமா? தேவாவின் முகத்தைப் பெரிதாகப் பார்க்க நீங்கள் வராவிட்டால் வேறு யார் வருவார்கள் சார் என்று கேட்டாள். அவர் வருகிறேன் என்றார்.

வருகிறேன் என்றவரைக் காணோம். அடுத்தடுத்து விடுமுறை வந்த வாரம் அது. ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் ஜாம் ஆகிக் கிடந்தது. தேவானந்தம் தியேட்டர் வாசலில் நின்று போன் மேல் போன் போட்டார். ஒவ்வொரு தடவையும் ரவி சார், ஆட்டோ நகரவே இல்லை, நீங்கள் உள்ளே போங்கள், முதல் பத்து நிமிஷம் போனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றார். குடி முழுகிவிடும் என்பதை எப்படிச் சொல்லுவது? கூட்டுக் கார்டு திரையில் இருப்பது ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அது போய்விட்டால் இவர் விட்டுக்கொடுத்தது இவருக்கும் ஹில்டாவுக்கும் மட்டும் தெரிந்த கதையாக முடிந்துவிடும். உள்ளே நகைக்கடை விளம்பரம் ஓடும் சத்தம் கேட்டது. ஹில்டா கதவருகே நின்று உதட்டுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

சிகரெட் கெடுதல் என்று ஒரு குரல் உள்ளே மிரட்டிக்கொண்டிருந்தபோது ரவி சார் வந்து சேர்ந்தார். ஆட்டோவை இரும்புலியூரிலேயே விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தேவானந்தம் எதுவும் பேசாமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் நுழைந்தார். யார் யாருடைய காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

டைட்டில் ஆரம்பித்தது. முதலில் நன்றிக் கார்டு. லக்ஷ்மிநாராயணன் தம் குலதெய்வத்திலிருந்து சிமென்ட் ஏஜென்ட் வரை எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தார். கதாநாயகன் தனியாக வந்தான், கதாநாயகி தனியாக வந்தாள். அப்புறம் பொடி எழுத்தில் கூட்டுக் கார்டு வந்தது. தேவானந்தம் திரையைப் பார்க்கவில்லை. ரவி சாரின் முகத்தைப் பார்த்தார்.

ரவி சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, பெயர்களை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். பாதியில் நின்றார். உதடு அசைந்தது. 'மூடிய கேட்' தேவானந்தம். அவர் எடுத்த படத்தின் பெயர் வெள்ளை எழுத்தில், ஒரு தியேட்டர் திரையில், நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால் இருந்தது. பிறகு கார்டு போய்விட்டது. போன பிறகும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவா, இன்னாடா பண்ணி வச்சிருக்க?" என்றார் மெல்ல. இத்தனை வருஷம் சுத்தத் தமிழில் இன்ஷூரன்ஸ் தவணை நோட்டீஸ் எழுதின மனுஷனுக்கு அந்த நேரத்தில் பம்மல் பாஷைதான் வந்தது.

 தேவானந்தம் எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தார். "நன்றி சார்" என்று மட்டும் சொன்னார். ஹில்டா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

பின் வரிசையில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் கையில் பெரிய பாப்கார்ன் பொட்டலம். அந்த அம்மாள் அவரிடம், "'மூடிய கேட்'னு ஒரு படமா? கேள்விப்பட்டதே இல்லையே" என்று கேட்டது முன்னால் தெளிவாகக் கேட்டது.

மனைவி கேட்டுத் தெரியாது என்று சொல்கிற கணவர் இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே கிடையாது. "என்ன இப்படி கேக்கற? சூப்பர் ஹிட் படத்தோட பேரைத்தான் முன்னாடி போடுவாங்க" என்றார் அவர் பாப்கார்னை மென்றபடி. "நான் ஸ்கூல் படிக்கும்போது வந்துது. இதே தாம்பரத்துல நூறு நாள்."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க? டிக்கெட் கிடைச்சாதானே."

ரவி சார் இருக்கையிலிருந்து பாதி எழுந்து பின்னால் திரும்பினார். அந்தப் படத்தைப் பற்றி அவர் வெளியாள் ஒருவரிடம் வாய் திறந்தது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நான் பாத்திருக்கேம்மா" என்றார். "நல்ல படம்."